அடிக்குறிப்பு ஏழு

முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில்
எனக்குப் பத்து நிமிஷம் தந்திருக்கிறார்கள்.
"தொல்கலை ஆய்வின் தாய்" என்று
பதாகையும் அடித்தாயிற்று.
தாய் என்ற அந்தச் சொல்லோடுதான்
நாற்பத்தேழு வருஷம் சண்டை பிடித்தாள் தில்லைநாயகி.
பதாகை அடித்த பெடியனுக்கு அது தெரியாது.
எனக்குத் தெரியும்.
சண்டையைத் தொடக்கியவன் நான்.

எழுபத்தாறு, ஆவணி. வம்மிமேடு.
துறையில் பாதை பழுது.
தோணி பிடித்துப் படுவான்கரைக்குப் போனோம்.
மூன்றாம் குழியில், நண்டு வளை மாதிரி ஒரு பொத்தலுக்குள்
சாண் உயரச் சுடுமண் பெண்.
தலை இல்லை. இடது கை இல்லை.
வலது கை எதையோ இடுப்போடு அணைத்திருந்தது.
பேனையைத் திறந்தேன்.
"தாய்த் தெய்வம். வளமைச் சடங்கு."
மூடினேன்.
அரை நிமிஷமும் ஆகவில்லை.

அவள் பொழுதுபடும் வரை
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மறுகா ஒருக்காப் பாருங்க, சேர்.
மார்பு இருந்தாத் தெய்வம், இல்லாட்டி அரசன்.
உங்கட கையில ரெண்டு பெட்டிதானா?"

முதுகில், ஈரமண்ணில் பதிந்து
சூளையில் இறுகிப்போன ஒரு விரல் தடம்.
தன் சுட்டுவிரலை அதில் வைத்தாள்,
பல்லாங்குழியில் சோகி விழுந்த மாதிரி இருந்தது.
என்னுடையதை வைத்தேன்.
விளிம்பில் முட்டி நின்றது.

அறிக்கை என் பெயரில் வந்தது.
அவள் ஏழாம் அடிக்குறிப்பில்:
"களத்தில் உதவிய செல்வி மூ. தில்லைநாயகிக்கு நன்றி."
தடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.
இடமில்லை என்று பதிப்பாளர் சொன்னதாகச் சொன்னேன்.
பதிப்பாளரும் நான்தான்.

எழுபத்தெட்டுச் சூறாவளி
கல்லடி வீட்டுக் கூரையைக் கழற்றி வாவியில் போட்டது.
குறிப்பேடுகளும் அதோடு போயின.
கல்யாணம் முடித்தால்தான் சீதன வீடு என்பது ஊர்வழக்கம்.
முடிக்காமலே உறுதியை எழுதுவித்தவள்,
கூரையில்லாத அந்த வீட்டில் குந்தியிருந்து
ஒவ்வொரு ஓட்டுத்துண்டையும்
மனதிலிருந்தே மறுபடி வரைந்தாள்.
பிறகு ஒரு பொதி கோதுமை மாவோடு புறப்பட்டாள்.
சட்டி வனைகிறவள், பாய் இழைக்கிறவள்,
கச்சேரியில் தட்டெழுதுகிறவள்,
முந்நூற்றுப் பதினெட்டுப் பெண்களின் விரலை
மாவில் ஒற்றி அளந்தாள்.
விசர் என்றார்கள்.
நானும் என்றேன், ஒரு கூட்டத்தில், சிரித்துக்கொண்டே.

தொண்ணூறுகளில் மண்முனைத் துறைச் சாவடியில்
பெட்டியைத் திறக்கச் சொன்ன ஆமிக்காரனுக்கு
உள்ளே இருப்பது பெண் ஒருத்தி என்றாளாம்.
சாந்தில் வார்த்த நகல்தான்.
"அடையாள அட்டை?"
"தலையே இல்லை, படம் எப்படி எடுக்கிறது?"
அவன் சிரித்துவிட்டானாம்.
சிரிப்பு அங்கே சோதனைக்குள்ளாகும் காலம் அது.

இடுப்பில் இருப்பது என்ன?
பிள்ளை என்றேன் நான்.
குடம் என்றார் பணிப்பாளர்.
அவளுடைய ஒரே புத்தகம் வந்தபோது
ரகசியமாக வாங்கி, அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரித்தேன்:
"மண் உருண்டை. அடுத்த பாவைக்கு.
வனைந்தவள் தன்னையே வனைந்திருக்கிறாள்."

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.
பிழை என்று எழுத ஒரு காரணமும் கிடைக்காமல்
மௌனமாக இருந்துவிட்டேன்.
அதுவும் ஒரு மதிப்புரைதான்.

போன கிழமை ஏறாவூரிலிருந்து பஸ்மிலா என்றொரு ஆய்வு மாணவி
தன் பிரதியை அனுப்பியிருந்தாள்.
என் பெயர் அதில் ஒரேயொரு இடத்தில்.
பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில்:
"அகழ்வுக்குப் பொறுப்பானவர் விரல் தடத்தைக் குறிப்பிடவில்லை.
ஏனென்று தெரியவில்லை."

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுகா வாசித்தேன்.

அரும்பொருளகக் காட்சிப்பெட்டியில் இப்போதும்
என் கையெழுத்துச் சீட்டுத்தான் மஞ்சளாகிக் கிடக்கிறது.
பத்து நிமிஷத்தில் அதைச் சொல்லிவிடலாம்.
அல்லது, மைக் இரைகிறது என்று
இரண்டு வார்த்தையோடு இறங்கிவிடலாம்.
பெயர் கூப்பிடுகிறார்கள்.
மேடைக்கு மூன்று படி.